பின்பக்கம்

அக்கா ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். ஒன்பது வருடமாக அதே மெஷின், அதே ஸ்டூல். வருகிறவர்களிடமெல்லாம் "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா, ஒரு பக்கம் போதுமா?" என்று கேட்டுக் கேட்டு, அம்மா துணி தேய்க்கச் சொன்னபோதும் ஒரு நாள் அதையே கேட்டுவிட்டாள்.

கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் அவள் ஒரு திரைக்கதை எழுதினாள். லிஃப்ட் இயக்கும் ஒரு பெண்ணின் கதை, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். திருடிவிடுவார்களோ என்ற பயத்தில், கதை எழுதுகிற பலரும் செய்வதை அவளும் செய்தாள். ஒரு நகலை உறையில் போட்டு ஒட்டி, தன் விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டாள். பிரிக்காமல் வைத்திருந்தால், முத்திரையில் இருக்கும் தேதியே சாட்சி என்று நம்பினாள்.

மூலப் பிரதி ஒரு படக் கம்பெனிக்குப் போனது. அவர்கள் ஆபீசைக் காலி செய்தபோது அதுவும் காணாமல் போனது. பிறகு கதையை அடித்து வைத்திருந்த கடைக் கம்ப்யூட்டரும் கண்ணை மூடியது. "போகட்டும், உறை இருக்கு" என்றாள் அக்கா.

எழுதுகிறவர்களுக்காகக் கம்பெனிகளிடம் பேசுகிற முகவர்கள் உண்டு. அவர்கள் மூலம் வராத கதையை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அக்கா கதைச் சுருக்கத்தை முப்பத்தொரு முகவர்களுக்கு அனுப்பினாள். இரண்டு வருடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒரு முகவரம்மா போன் செய்தார்.

"சுருக்கம் நல்லா இருக்கும்மா. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள முழுசும் கொண்டு வாங்க. இந்த வருஷம் புதுசா ஒருத்தரைத்தான் எடுக்கறேன்."

அன்று சாயங்காலம் அக்கா உறையை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிரிச்சா சாட்சி போயிடுமேடி" என்றாள் என்னிடம்.

"பிரிக்காம அடைகாத்தா குஞ்சா பொரிக்கப் போகுது?" என்றாள் அம்மா.

பிரித்தாள். முதல் தாளில் பக்கம் ஒன்று. அடுத்ததில் மூன்று. அதற்கடுத்து ஐந்து. அக்கா வேகமாகப் புரட்டினாள். எல்லாத் தாளுக்கும் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. காகிதத்தை மிச்சம் பிடிக்க மூலப் பிரதியை இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தாள். நகல் எடுத்த அன்று, முதலாளி வந்துவிடுவாரோ என்ற அவசரத்தில் தாள்கட்டை அப்படியே மெஷினில் வைத்துப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். ஒரு பக்கம் மட்டும்தான் வந்திருக்கிறது.

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டேனே" என்றாள்.

லீவு போட்டுவிட்டு, இல்லாத ஐம்பத்தாறு பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். பதினேழாம் பக்கத்தின் கடைசியில் லிஃப்ட்காரி "நான் இறங்கணும்" என்கிறாள். பத்தொன்பதில் அழுதுகொண்டிருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்பது அக்காவுக்கு ஞாபகம் வரவில்லை.

"அங்கதான் நல்லா எழுதியிருந்தேன். அது மட்டும் தெரியுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி வரை பன்னிரண்டு பக்கம்தான் தேறியது. போன் செய்தாள்.

"ஒரு வாரம் மட்டும் குடுங்க மேடம்."

"கதையே இல்லாமலா சுருக்கம் அனுப்புனீங்க?"

"இருந்துச்சு மேடம்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்கம்மா." போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அக்கா கடைக்குப் போனாள். இப்போது அவள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் எடுத்துவிடுகிறாள். பின்பக்கம் காலியாக இருந்தாலும் எடுக்கிறாள். முதலாளி திட்டுகிறார்.