கரும்பலகையில் மிஞ்சிய நாடு

இந்த ஊரில் யாராவது என்னை வழியனுப்பினால் எனக்கு அபசகுனமாகப் படும். மலாவியின் தலைநகரான லிலோங்வேயில் போர்வெல் போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காலையில் கிளம்பினால் வாட்ச்மேன் சிசோமோ, “பித்தானி ப்வினோ” என்பார். நல்லபடியாகப் போங்கள் என்று பொருளாம். எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம் இப்படி வாழ்த்தினால் அடிதான் விழும். அங்கே செத்தவர்தான் போவார். உயிரோடு இருப்பவர் “வாரேன்” என்று சொல்லித்தான் படியிறங்குவார். நானும் சிசோமோவிடம் “வாரேன்” என்பேன். அர்த்தம் கேட்டார், வருகிறேன் என்றேன். மனுஷன் அன்று முழுக்க கேட்டைச் சாத்தாமல் எனக்காகக் காத்திருந்தார்.

நான் கிளம்பியபோது மகள் முல்லைக்கு ஐந்து வயது. திருச்சுழி பஸ்ஸில் ஏறி “வாரேன்த்தா” என்றேன், தலையாட்டினாள். இப்போது ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். போனில் “ம்” என்பதைத் தாண்டிப் பேச மாட்டாள். என்னை மறந்தே போவாளோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. போன வாரம் ஒருநாள் இருட்டும் நேரத்தில் அவளாகவே கூப்பிட்டாள். ஆப்பிரிக்க நாடுகளையும் தலைநகரங்களையும் என்னிடம் ஒப்பிக்க வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“லிபியா, திரிபோலி. மடகாஸ்கர், அண்டனானரீவோ. மாலி, பமாகோ...”

“ஏத்தா, நடுவுல மலாவிய விட்டுட்டியே. மறந்துருச்சா?”

“மறக்கலப்பா. சரியாச் சொன்னா மிஸ்ஸு போர்டுல அந்த நாட்ட அழிச்சிருவாக. எல்லா நாட்டையும் அழிச்சாச்சு. ஒங்கப்பா இருக்க நாடுன்னு இத மட்டும் எனக்கு விட்டுவச்சாக. நான் வாயத் தொறக்கல.”

“ஏன்த்தா?”

“அதையும் அழிச்சிட்டா நீங்க எங்கருந்து வருவீக?”

அந்நேரம் பார்த்து கரண்ட் போனது. இங்கே அது சகஜம்தான். ஆனால் அன்று எதிர்த்தெரு, மார்க்கெட், அதற்கப்பால் மேட்டுவீடுகள் என்று வரிசையாக அணைந்தபோது, யாரோ துடைத்துக்கொண்டே வருவது போலிருந்தது. ஜெனரேட்டர் ஓடும் எங்கள் காம்பவுண்டு மட்டும் வெளிச்சமாக மிஞ்சியது. நடுவிலிருக்கும் நாடுகளெல்லாம் அழிந்துபோனால் எந்த வழியாகத் திரும்புவேன்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

“வச்சிரட்டாப்பா?”

“சரித்தா. வாரேன்.”

கேட் கிறீச்சிட்டது. அந்த ஒரு தமிழ்ச் சொல்தான் சிசோமோவுக்குத் தெரியும். கேட்டை அகலத் திறந்து பிடித்தபடி வெளியே இருட்டைப் பார்த்தார். யாரும் வரவில்லை. என் பக்கம் திரும்பி, “எப்போது, பாஸ்?” என்று கேட்டார்.