மணியடித்தால் ஏறும் பிரஷர்

என் அக்கா வீட்டுக்காரரைத் தீயணைப்பு நிலையத்தில் ‘மின்னல்’ என்பார்கள். ஆள் என்னவோ சிமெண்ட் மூட்டை போலத்தான் இருப்பார். ஆனால் நிலையத்தில் மணி அடித்துவிட்டால் போதும், பூட்ஸ், கனத்த கோட்டு, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டைக்கூட மெல்ல மாட்டார். கேட்டால், “மென்னுக்கிட்டு இருக்கும்போது மணி அடிச்சுட்டா?” என்பார். தண்ணீர்க் குழாயைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏறியதில் முட்டி வீங்கிக் கிடந்தது. புகை தந்த இருமல் வேறு. இந்த மனுஷரிடம் பேசி ஜெயித்தவர்கள் யாருமில்லை.

அவருக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. இந்த முறை பிரஷர் கூடுதலாக இருந்தால் வண்டியிலிருந்து இறக்கி டெலிபோன் மேஜையில் உட்கார வைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கு அது வேலையே போன மாதிரி. அக்காவுக்கோ லாட்டரி விழுந்த மாதிரி.

“டேய், நீயும் கூடப் போ. முட்டி, இருமல் எல்லாத்தையும் டாக்டர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிடு. அவரு மூடி மறைச்சுடுவாரு” என்று என்னை ஒற்றனாக அனுப்பினாள்.

மருத்துவமனையில் நர்ஸ் மாமாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிட டாக்டர் உள்ளேயிருந்து மணியை அழுத்தினார். அவ்வளவுதான். கையில் பட்டை, பின்னால் தொங்கும் கருவி, அதோடேயே மாமா படியிறங்கிப் பறந்தார். நானும் நர்ஸும் விழுந்தடித்து ஓடிப் பார்த்தால், நடுத்தெருவில் நிற்கிறார்.

“வண்டி எங்கடா?”

“பஸ்லதானே மாமா வந்தோம்!”

இழுத்து வந்து அளந்தார்கள். பிரஷர் எகிறியது. கொஞ்சம் ஆற விட்டு மறுபடி அளக்க ஆரம்பித்தார்கள். பாழாய்ப்போன மணி மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை நான் அவர் தோளை அமுக்கிக்கொண்டேன், ஆனால் பிரஷரை யார் அமுக்குவது? டாக்டர், “டெலிபோன் வேலைதான் உங்களுக்கு நல்லது” என்று பேனாவை எடுத்தார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அக்கா என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பாள். ஆனால் எரிகிற வீட்டுக்குள் அலட்டிக்கொள்ளாமல் நுழைகிற மனுஷர், அந்தப் பேனாவைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“டாக்டர், மணியடிக்காம ஒரே ஒரு தடவை பாருங்க.”

பார்த்தார். சரியாக இருந்தது. டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இவரை டெலிபோன் பக்கத்துல உட்கார வச்சா நாள் முழுக்க மணியடிக்குமே! வண்டியே தேவலை” என்றார். முட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மாமா மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா மணிக் கதையை நடித்தே காட்டினார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அக்கா திட்டவேயில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மணி அடிச்சா உங்களுக்கு ஏறுதுன்னு அளந்து பார்த்துட்டாங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இங்க எனக்கு ஏறுதே, அதை யாருங்க அளக்கறது?” என்றாள்.

மாமாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இனி அங்கே எனக்கு என்ன வேலை? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.