பூச்சி இருந்த இடம்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் துணி ஆலையில் எனக்கு அடுத்த மெசினில் நின்றவர் அவர். ஒல்லி ஆள், மூக்கு நுனியில் எப்போதும் பஞ்சுத் தூசி. எண்பதுகளின் நடுவில், ஒரு டேனிஷ்காரரின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய அமெரிக்கக் காரை வாங்கிவந்தார். அதுவரை நாங்கள் இருவரும் சைக்கிளுக்கு மேல் எதையும் கழற்றியதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு தகரத்தைப் புறங்கையால் தடவுவது அவர் பழக்கம். "கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் கைக்குத் தெரியும் அண்ணை."

அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்து துருவைத் தேய்த்தேன். "முதல் ஓட்டம் ஓகூஸ் கடற்கரைக்கு. முன் சீற் உங்களுக்குத்தான்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, காற்றும் கடலும் வீதியும் எனக்குள் ஓடின.

வசந்தத்தில் சிவப்புப் பெயின்ற் அடித்தோம். ஆசை தாங்காமல் ஈரக் கதவில் பெருவிரலை வைத்துவிட்டேன்.

"ஐயோ அண்ணை, கை சும்மா இராதோ!" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ் ஆட்கள் கார் பார்க்க வந்தார்கள். "ஆர் உதவி செய்தது?" என்றார் ஒருவர்.

"ஒருத்தரும் இல்லை. தனியத்தான் செய்தனான்."

நகக்கண்ணில் சிவப்போடு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அப்ப கதவிலை இதென்ன அடையாளம்?"

"அதோ? பூச்சி ஒண்டு வந்து இருந்திட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். முன் சீற்றில் வேறொருவர் ஏற, கார் ஓகூசுக்குப் போனது.

பிறகு நாங்கள் கதைக்கவில்லை. அந்த அடையாளத்தைத் தேய்த்து மறைக்க அரை மணித்தியாலம் போதும். அது அவருக்கும் தெரியும். வருடக்கணக்காக அந்தக் கார் ஊரைச் சுற்றியது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பார்ப்பேன். கதவில் என் பெருவிரல் அப்படியே இருந்தது.