போடோவாங்க நீங்க?

எங்கள் ஊரான மாசாயில் ஒருவரை முட்டாள் என்று சொல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மக்கு, மண்டு, லூசு என்று தமிழிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. போதாததற்கு மலாய் மொழியிலிருந்து போடோவையும் எடுத்துக்கொண்டோம். எனக்குக் கல்யாணம் ஆனது அந்தப் போடோவால்தான்.

அப்போது நானும் அக்காவும் தொழிற்சாலை வேலைக்காக ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சந்தையில் மீனும் கங்கோங் கீரையும் வாங்கி, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் போட்டுக்கொண்டு பாடியபடியே வீட்டுக்கு வந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோதுதான் இருக்கை கிழியாமல் பளபளவென்று இருப்பதைப் பார்த்தேன். என் வண்டியின் இருக்கையோ பஞ்சு வெளியே தெரியக் கிழிந்தது. அதே கறுப்பு, அதே மாடல், அதே கூடை. தேய்ந்துபோன என் சாவிக்கு அடுத்தவர் வண்டியும் மறுபேச்சில்லாமல் கிளம்பியிருக்கிறது.

மேலேயிருந்து பார்த்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் மீனைக்கூட இறக்காமல் அதே வண்டியில் சந்தைக்குத் திரும்பினேன்.

சந்தை வாசலில் ஒருவர் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. என் வண்டியின் தேய்ந்த பூட்டில் அவர் சாவியும் திரும்ப, அவரும் அதைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்ற பிறகுதான் கிழிந்த இருக்கை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. வெயிலில் அவ்வளவு தூரம் தள்ளி வந்த கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்து என்னிடம் கேட்டார்.

“டேங்க்ல ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாம வண்டி வச்சிருக்கீங்களே, போடோவாங்க நீங்க?”

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ‘ங்க’ என்னைக் கவிழ்த்துவிட்டது. முட்டாள் என்று திட்டும்போதுகூட மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று நினைக்கிற ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

“சரிங்க. அடுத்தவங்க வண்டின்னு தெரியாம ஓட்டிட்டுப் போனவரு யாருங்க?” என்றேன்.

அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். “அதுவும் ஒரு போடோதாங்க” என்றார்.

வாசலோரம் மீன் விற்கும் சீன அம்மாவுக்கு எங்கள் தமிழில் அந்த ஒரு சொல் மட்டும்தான் புரிந்திருக்கும். முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பிறகு நான், பிறகு வண்டிக்காரர். சிரிப்பு அடங்க, நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடிக்க வேண்டியதாயிற்று. எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். மீன் கெட்டுப்போகும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அதன் பிறகு வேலை முடிந்ததும் தினமும் போனில் பேசினோம். மெல்ல மெல்ல ‘ங்க’ உதிர்ந்தது. ஒருநாள் அவர் “போடி மக்கு” என்றார். அன்று இரவு தரையில் விரித்த மெத்தையில் புரண்டு புரண்டு சிரித்த என்னை அக்கா எழுப்பி உட்கார வைத்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மக்கு என்று சொன்னார் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சில மாதங்கள் கழித்து சிம்பாங் ரெங்கத்தில் இருந்த தன் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். அவருடைய அம்மா கோழிக்கறி வைத்துக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பால் வாங்கி வரச் சொல்லி மகனைக் கடைக்கு அனுப்பினார். இவரோ எனக்குப் பிடிக்கும் என்று பாண்டான் இலை மணக்கும் கேக்கை வாங்கிக்கொண்டு, தேங்காய்ப்பாலை மறந்துவிட்டு வந்து நின்றார். அம்மா கரண்டியை ஓங்கினார்.

“முட்டாப் பயலே, கறிக்கு கேக்கையா ஊத்துவாங்க?”

எனக்குக் காது சூடானது. அவரை நான் தினமும் எத்தனையோ பெயர் சொல்லித் திட்டியிருக்கிறேன். இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது, அது பெற்றவர் வாயாகவே இருந்தும், பொறுக்க முடியவில்லை.

“அவரு ஒண்ணும் முட்டாள் இல்லங்க அத்தை” என்று சொல்லிவிட்டேன்.

அம்மா ஓங்கிய கரண்டியை இறக்கினார். அத்தை என்று அவரை அழைக்க எனக்கு யாரும் இன்னும் உரிமை தரவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அடுப்பைக் குறைத்தார், கூடத்தில் உட்கார்ந்திருந்த தன் கணவரிடம் போனார்.

“நல்ல நாள் பாருங்க. பொண்ணு முடிவு பண்ணிருச்சு” என்று சொல்வது எனக்குக் கேட்டது.

அன்று கோழியைத் தேங்காய்ப்பால் இல்லாமலே சாப்பிட்டோம். காரம் கொஞ்சம் தூக்கல். கேக்கை நான் ஒருத்தியே முக்கால்வாசி தின்றேன்.