தங்கராஜ் வீட்டைச் சுற்றிய ஏழு நாள்

அன்பான விசுவாசக் குடும்பமே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சியை அவசர அவசரமாக எழுதுகிறேன். ஏன் அவசரம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் கஷ்டம்.

போன ஐப்பசி மாதம். முத்தையாபுரத்தில் நாங்கள் குடியிருந்த வளவை இடித்துவிட்டுக் குடோன் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே கழிப்பறை. சாத்தான்குளம் பக்கம் மழை பொய்த்துப்போய் துறைமுகத்தை நம்பி வந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் அரண்மனை. இடிக்கட்டும். ஆனால் என் மகள் ஜெபாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்கவேண்டும். தாய் இருக்கிறாள், வீடு எங்கே? சம்பந்தி வீட்டிலிருந்து போன் வரும்போதெல்லாம் நான் கழிப்பறை வரிசையில் போய் நின்றுகொள்வேன்.

வீடு தேடி அலைந்தேன். டிரெய்லர் ஓட்டுகிறேன் என்றதும் ஒருவர் என் வாயை முகர்ந்து பார்க்காத குறை. இன்னொரு அம்மா, "பிள்ளைப்பேறா? ஊர்ல இருந்து ஆளு வந்துக்கிட்டே இருக்கும். தண்ணி காணாது" என்று கதவைச் சாத்திவிட்டார். துறைமுகத்தில் நான் இழுத்துப்போகிற கண்டெய்னருக்குக்கூட இடம் ஒதுக்கி, நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். தகரப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் மனுசன் நானாகத்தான் இருப்பேன்.

தகரத்தின் மேலேயே அவ்வளவு என்றால் தங்கராஜ் மேல் எவ்வளவு இருக்கும்! நானும் அவனும் ஒரே ஊர். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வளவில் அடுத்தடுத்து குடியிருந்து, மூட்டை தூக்கினோம். அவன் லாரி வாங்கினான், நான் லாரி ஓட்டினேன். அவன் வீடு கட்டினான், நான் வீடு மாறினேன். கீழே அவன் குடியிருக்கிறான், மாடி பூட்டிக் கிடக்கிறது. வீட்டுப் பிரதிஷ்டை அன்று பிரியாணியை என் தட்டில் வைத்துக்கொண்டே, "மாடியக் கம்பெனி ஆபீசருக்குத்தான் வாடகைக்கு விடணும்லே" என்றான். அந்த பிரியாணி இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. அதற்குப் பிறகு வாய் திறந்து கேட்பேனா?

அந்தச் சமயத்தில்தான் நானும் தங்கராஜும் போகிற சபையில் ஒரு அக்கா சாட்சி சொன்னார். வேதத்தில் ஏழு நாள் சுற்றி வந்து எரிகோ பட்டணத்தைப் பிடித்ததுபோல், ஒரு காலி மனையைத் தினமும் சுற்றி நடந்து ஜெபித்தாராம். ஏழாம் நாள் மனை கைக்கு வந்துவிட்டதாம். எனக்குள் பல்ப் எரிந்தது. தங்கராஜ் வீடு மூலை வீடு, பின்னால் உடைமரக் காடு. சுற்றுவதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும்.

மறுநாளே ஆரம்பித்தேன். காலை ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஒரு சுற்று. முதல் நாளே நாய் விரட்டியது. மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது, தங்கராஜின் மனைவி புஷ்பம் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, எதையும் தொலைச்சிட்டியளா?" "இல்லம்மா, சும்மா காத்தாட." உச்சி வெயிலில், உடைமுள் குத்திய காலோடு காத்தாட நடக்கிறவனை அவர் நம்பியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

ஏழாம் நாள் போனால், வாசலில் தங்கராஜ் இடுப்பில் துண்டோடு நிற்கிறான்.

"ஏலே, தினமும் என் வீட்டைச் சுத்துதியாமே? எரிகோ சுத்தா?"

"ஆமா" என்றேன் பெருமையாக.

"எரிகோவுல ஏழாம் நாளு மதிலுக்கு என்னலே ஆச்சு?"

அப்போதுதான் உறைத்தது. அந்த அக்கா சுற்றியது காலி மனை. நான் சுற்றியது நிற்கிற வீடு! எரிகோ கைக்கு வந்தது மட்டும் எனக்கு நினைவிருந்தது, ஏழாம் நாள் ஜனங்கள் ஆர்ப்பரித்ததும் மதில் இடிந்து விழுந்தது மறந்தே போயிற்று.

"அந்தா பாரு, பால்கனியில விரிசலு. நீ சுத்த ஆரம்பிச்ச பிறகு விட்டதுதான். இன்னிக்கு ஆர்ப்பரிச்சு மொத்தமாத் தட்டிரலாம்னு வந்தியோ?"

சத்தியம் செய்யலாமென்று கையைத் தூக்கினேன், பாதியில் இறக்கிவிட்டேன். அந்த வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடியாவது உடைந்தால் நல்லது என்று என் மனசு எப்போதாவது நினைத்திருக்குமோ, எனக்கே நிச்சயமில்லை. அழுகைதான் வந்தது. "பிள்ளையக் கூட்டிட்டு வர ஒரு வீடு இல்லடே" என்றேன். நடுத்தெருவில், யூனிபார்ம் சட்டையோடு, மூக்கைச் சிந்திக்கொண்டு.

தங்கராஜ் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினான். புஷ்பம்தான் வெளியே வந்தார். "வளவுல எனக்குப் பிரசவ வலி வந்தப்போ ஆட்டோ பிடிச்சு, மடியில போட்டுக் கூட்டிட்டுப் போனது இவுக சம்சாரம் அக்காதான். இவருக்கு ஆபீசர் வேணுமாம். பிரதிஷ்டை முடிஞ்சதுல இருந்து மாடியில எந்த ஆபீசர் ஏறுனான்? புறாதான் ஏறுது" என்று சாவிக்கொத்தை அவன் கையில் வைத்தார்.

அவன் சாவியையும் விரிசலையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி. ஆனா சுத்துனத எதிர்ப் பக்கமாச் சுத்தி அழிச்சிட்டுத்தான் மேல ஏறணும்" என்றான். டிரெய்லர் டிரைவரிடமா ரிவர்ஸைப் பற்றிச் சொல்வது? உடனே கிளம்பினேன். நான் கள்ளச் சுற்று சுற்றிவிடுவேனோ என்று அவனும் கூடவே வந்தான். உடைமரத்துப் பக்கம் போனதும் நின்றுவிட்டான். "ஆண்டவரே, நானும் வளவுலதான் கிடந்தேன். அத மறக்கத்தான் மாடியப் பூட்டி வச்சேன்" என்று சத்தமாகவே ஜெபித்தான். நான் ஏழு நாளும் செய்த ஜெபத்தில் வீடு இருந்தது, தங்கராஜ் இல்லை. அன்றுதான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு "ஆமென்" சொன்னேன்.

கார்த்திகையில் ஜெபா பெண் பிள்ளை பெற்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த மாடிக்கு வந்தாள். வாடகை வாங்குகிறான், வாங்கட்டும். விரிசலையும் பூசிவிட்டான். பிள்ளை என்னிடம் வீறிட்டு அழுகிறது. அவன் தூக்கினால் தூங்கிவிடுகிறது. இதையும் நான் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியிருக்கிறது.

அவசரத்துக்குக் காரணம் இதுதான். போன ஞாயிறு ஸ்தோத்திர வேளையில் தங்கராஜ் எனக்கு முன்னால் எழுந்து என் அற்புதத்தைத் தன் சாட்சியாகச் சொல்லிவிட்டான். சபையே அழுதது. என்னைவிட நன்றாகவும் சொன்னான். எழுத்திலாவது முந்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

தலைக்கு மேல் கூரையில்லாமல் தவிக்கிறவர்களே, பொறாமையில் வெந்துபோன என் ஜெபத்தையே கேட்டவர் உங்கள் ஜெபத்தைக் கேட்கமாட்டாரா? தயங்காமல் கேளுங்கள். மாடியைப் பூட்டி வைத்திருக்கிறவர்களே, வாசலில் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், யாராவது சுற்றிக்கொண்டிருக்கலாம். என்னைத் தங்கராஜ் வீட்டில் குடிவைத்த கர்த்தருக்கு நன்றி. என் மனசுக்குள் தங்கராஜைக் குடிவைத்ததற்கு அதைவிடப் பெரிய நன்றி. அந்தக் குடித்தனத்தில்தான் இன்னும் தினமும் சண்டை.