கோழிக் குடலுக்கு வந்த விரால்

தபால்காரன் சில்வெஸ்டருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பூசைக்குப் போனாலும் கோயில் கதவோரம் நின்று கால் மாற்றிக்கொண்டே இருப்பான். கன்டோன்மென்ட் தெருக்களில் இருபது வருஷம் நடந்த கால்கள் அவை. அப்பேர்ப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில் தூண்டிலோடு குந்தியிருந்தான் என்றால், வீட்டில் நிலைமை அவ்வளவு மோசம்.

மனைவி பிரிஜெட்டுக்கு விஷக்காய்ச்சல் விட்டு நாலு நாளாகியும் கஞ்சித்தண்ணிக்கு மேல் எதுவும் இறங்கவில்லை. இப்படியே போனால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு டோரதி கோழி அடித்து சூப் கொண்டுவந்தாள். பிரிஜெட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கினால் ஈஸ்டர் வரை மாமிசம் உடம்பில் சேராது என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாளாம்; மீன் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

"விரால் சாறு இருந்தா ரெண்டு வாய் குடிப்பேன்" என்றாள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் மீன் விடியும்போதே காலி. ஏரியிலோ மண்புழுவைப் பொடிமீன்கள் கொத்திக் கொத்தியே தீர்த்துவிட்டன. சில்வெஸ்டரும் நிமிஷத்துக்கு ஒரு தரம் கழியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட வந்த டோரதியின் புருஷன் தியோடர், மடியிலிருந்து இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். காலையில் அடித்த கோழியின் குடல். அதை முள்ளில் இரண்டு சுற்றுச் சுற்றி, வழுக்காமல் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டி, நுனியை விரல் நீளம் தொங்கவிட்டான்.

"விரால் கவ்வுனா ஜல்தி பண்ணாதடா. முழுங்கட்டும். பத்து எண்ணிட்டு இழு."

சில்வெஸ்டருக்குப் பத்தாவது ஒன்றாவது! அவன் கழியை ஆட்டி ஆட்டிப் பார்த்ததில் குடல் அல்லி இலைகளுக்கு நடுவே துள்ளிக்கொண்டே இருந்தது. அந்தத் துள்ளலுக்கு ஒரு விரால் பாய்ந்தது. பாய்ந்த மாத்திரத்தில் இழுத்துவிட்டான்.

"அவசரக்குடுக்கை!" என்று தியோடர் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் மீன் கரையில் கிடந்தது. முள் உதட்டோரத்தில் மேலாக மாட்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் பாதி வழியில்தான் சில்வெஸ்டருக்கு உறைத்தது. மாமிசம் தின்ற மீன் நேர்த்திக்கு ஆகுமா? மண்புழு என்று சொல்லிவிடலாம். ஆனால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை அவளுக்குத் தெரியாமல் உடைப்பதா? டோரதி மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைக்கும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

கிண்ணத்தை வாங்கிய பிரிஜெட், அவன் பயந்தபடியே கேட்டாள்.

"எதைக் கட்டிப் புடிச்சீங்க?"

"கோழிக் குடல்."

கரண்டி கீழே இறங்கிவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தவனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. வாசலுக்கு ஓடிக் கழியைத் தூக்கிவந்தான். கறுப்பு நூல் கட்டு அவிழாமல், குடல் துளி குறையாமல் முள்ளில் தொங்கியது.

"பத்து எண்ணச் சொன்னான் தியோடர். நான் எண்ணலே. குடல் அது வயித்துக்குள்ள போகவே இல்லே, பிரிஜி."

அவள் உற்றுப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தாள்.

"உங்க அவசரத்தால எனக்கு ஒரு நல்லது நடந்துச்சே!"

கரண்டி மறுபடி மேலே போனது. சில்வெஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்தான். கிண்ணம் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.