செவ்வாய்க் கிரகத்தில் யாத்ரங்காவின் குழி

யாத்ரங்காவுக்கு அறுபத்திரண்டு வயது. அதில் முப்பத்தைந்தைத் தரைக்கு அடியில் கழித்திருக்கிறார். பரிதாபப்பட ஒன்றுமில்லை, எங்கள் பாலைவன ஊரில் எல்லோருக்கும் வீடு அங்கேதான். மேலே நாற்பத்தைந்து டிகிரி வெயில், கீழே ஓபல் என்னும் ரத்தினக் கல். குரோவேஷியாவிலிருந்து அவரைக் கூட்டிவந்த கணவர், கல்லும் கிடைக்காமல் ஊரும் பிடிக்காமல் அடிலெய்டுக்குக் கிளம்பியபோது அம்மையார் உடன் போகவில்லை.

"நான் போனா குழிய எவனாவது எடுத்துக்குவான்" என்றார்.

கணவரை எவளாவது எடுத்துக்கொள்வாள் என்ற கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

எடுத்துக்கொள்ளக்கூடிய அந்த எவனாவது, பக்கத்துக் குழிக்காரர் லாம்ப்ரோஸ். எங்கள் ஓபல் களத்துச் சட்டம் அப்படி: நான்கு மூலையிலும் முளை அடித்தால் மட்டும் குழி நமதாகிவிடாது. வாரந்தோறும் அதில் வேலை நடக்கவேண்டும். நடக்காவிட்டால் அடுத்தவர் மனுப் போட்டுத் தன் முளையை அடித்துக்கொள்ளலாம்.

இந்த நிலையில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மனிதர்கள் செவ்வாயில் போய்க் குடியேறுகிற தொடர். அங்கே போகச் செலவு அதிகம் என்பதால் இங்கே வந்தார்கள். இமோஜென் என்ற உதவி இயக்குநர் யாத்ரங்காவைத் தேடிப் போனார்.

"மேடம், மூணே வாரம் உங்க தோண்டற மெஷின நிறுத்தி வையுங்க. சத்தம் வருது, புழுதி வருது."

"ஏன், செவ்வாயில புழுதி கிடையாதா?"

"இருக்கு மேடம். ஆனா நாங்க போடற புழுதி மட்டும்தான்."

"மூணு வாரம். உங்கள அனுப்பினது லாம்ப்ரோஸா?"

"யாரு மேடம் அது?"

"தெரியாத மாதிரியே கேக்கறியே, நல்லா நடிக்கிற!"

மெஷினை நிறுத்தினார். ஆனால் கடப்பாரையோடு மேலே வந்து தன் முளைகளுக்குள்ளேயே கையால் தோண்டத் தொடங்கினார். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னணியில் பூப்போட்ட கவுன் ஒன்று குனிந்து நிமிர்ந்தது. இயக்குநர் தலையில் கைவைத்து யோசித்துவிட்டு, குடியேறிகளும் எதையாவது தோண்டத்தானே வேண்டும் என்று அவருக்கும் விண்வெளி உடையை மாட்டிவிடச் சொன்னார்.

இமோஜென் ஒரு தாளை நீட்டினார். "பேர் எழுதி ஒரு கையெழுத்து."

"கையெழுத்தா? குழிய எழுதி வாங்கப் பாக்கறியா? பேரும் சொல்ல மாட்டேன். தோண்டுவேன், அவ்வளவுதான்."

'ஒன்பதாம் எண் குடியேறி' என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்று வாரமும் அம்மையார் கண்காணித்தார். டயர் தடத்தைப் படக்காரர்கள் துடைப்பத்தால் கூட்டி அழித்தார்கள். படத்தில் விழுந்த ஈக்களைக் கணினியில் அழிப்பார்களாம். "ஈயையே அழிக்கிறவன் என் முளைய அழிக்க மாட்டானா?" என்று தினமும் நான்கு முளைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டே வீட்டுக்குள் இறங்கினார்.

அவர் பயந்தது நடந்தது. ஆனால் வேறு வழியாக. படப்பிடிப்பு முடிந்ததும், மூன்று வாரம் அந்தக் குழியில் யாத்ரங்கா வேலை செய்து யாரும் பார்க்கவில்லை என்று லாம்ப்ரோஸ் மனுப் போட்டார். பொய்யென்று எப்படிச் சொல்வது? பார்த்தவர்கள் பார்த்ததெல்லாம் தலைக்கவசம் போட்ட ஒரு வெள்ளை உருவம். படக் கம்பெனியின் பதிவேட்டிலோ பெயரே இல்லை.

ஏழு மாதம் கழித்து, தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய வாரத்தில், விசாரணைக்குச் சுரங்க அதிகாரி ஹாலட் வந்தார். ஊர் முழுக்கக் கிளப்பில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. அவரும் உட்கார்ந்தார்.

வெள்ளைப் பற்களோடு குடியேறிகள் இறங்கினார்கள். இரண்டாம் நாளே தண்ணீர் கண்டுபிடித்தார்கள்.

"ரெண்டே நாள்ல தண்ணியாம்! எவன் பைப்புல திருடினானோ" என்றார் யாத்ரங்கா.

கதாநாயகன் மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச, அவன் தோளுக்குப் பின்னால் தூரத்தில் ஓர் உருவம் தோண்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் அது!"

"யாரு வேணா இருக்கலாம்" என்றார் லாம்ப்ரோஸ். "உள்ள என் பொண்டாட்டிகூட இருந்திருக்கலாம்."

"அவ தோண்டுவா. நீதான் அடுத்தவ தோண்டினதுக்கு மனுப் போடுவ."

அப்போது திரையில் அந்த உருவம் ஒரு கல்லை எடுத்தது. ஓபல் ஈரத்தில்தான் நிறம் காட்டும். அதனால் எங்கள் ஊரில் கல்லை நாக்கால் பார்ப்போம். ஒன்பதாம் எண் குடியேறி, மூச்சுவிடக் காற்றே இல்லாத கிரகத்தில் கவசத்தின் கண்ணாடியைத் தூக்கி, கல்லை நக்கி, வெயிலில் திருப்பிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு கண்ணாடியை மூடியது.

ஹாலட் ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தினார். நாக்கு நீட்டிய முகம் தெளிவாகத் தெரிந்தது.

"இது நீங்கதானே அம்மா?"

"ஆமான்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"மனுவத் தள்ளுபடி பண்ணுவேன்."

"அப்போ நான்தான்."

கிளப் கைதட்டியது. லாம்ப்ரோஸ் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

கைதட்டல் நின்றது. ஒன்றுமில்லாத கல்லை எங்கள் ஊரில் யாரும் பையில் போடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, மனைவி தேடுவாள் என்று சொல்லிக்கொண்டு வெளியேறினார்கள், மனைவி இல்லாதவர்களும்.

மறுநாள் யாத்ரங்கா போய்ப் பார்த்தபோது அவருடைய குழியைச் சுற்றி நாலாபக்கமும் புது முளைகள். ஒவ்வொன்றின் மேலும் இருந்த ஊர்க்காரர் பெயரை நிதானமாகப் படித்தார். பிறகு குழிக்குள் இறங்கி, நூலேணியையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.